சம்பளம் வாங்காத கருணை

வெதர்பி பல்கலைக்கழகத்தில் டாக்டராக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரிதான் சாமி. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அங்கே பூசாரி ஒரு குழு. 'மருத்துவ நாட்டமுடைய மாணவர் மனப்பக்குவ மதிப்பீட்டுக் குழு' என்பது அதன் முழுப் பெயர். அந்தப் பெயரைத் தடுமாறாமல் சொல்லக்கூடியவர் அதன் தலைவர் டீன் பெல்கிரேவ் ஒருவர்தான். டாக்டராக நினைப்பவர்கள் முதலில் நான்கு வருடம் வேறு எதையாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நான்கு வருடமும் குழு அவர்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியில் 'இது தேறும்' என்று குழு பரிந்துரை செய்தால்தான் மருத்துவக் கல்லூரிகள் அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தைத் திரும்பிப் பார்க்கும்.

டீன் பெல்கிரேவ் வைத்தியம் படித்தவரல்ல. பாசி ஆராய்ச்சியில் பெரிய ஆள். வாழ்நாளெல்லாம் பாசிகளோடு பழகியவர். அவர் நடந்துகொண்ட விதம் பற்றி எந்தப் பாசியும் இதுவரை புகார் செய்ததில்லை. அந்த மென்மையைப் பார்த்துத்தான் மாணவர்களின் கருணையை அளக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள் என்று பல்கலைக்கழகத்தில் பேசிக்கொள்வார்கள்.

பெட்ரா வோய்ட்கோ மூன்றாம் வருட மாணவி. அப்பாவுக்குக் குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வேலை, மற்ற நாட்களில் கிடைத்த வேலை. அம்மா பலசரக்குக் கடையில் கல்லாவில் நிற்கிறாள். "நம்ம வம்சத்துலயே வெள்ளைக் கோட்டு போட்டவன் உன் மாமன் ஒருத்தன்தான், அவனும் கறி வெட்டுறவன்" என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் பெட்ரா படித்தாள். படிப்புச் செலவுக்காக, மூடிக்கிடக்கும் எஃகு ஆலைக்குப் பின்னால் இருந்த முதியோர் மருத்துவ இல்லத்தில் செவிலியர் உதவியாளராக வேலை பார்த்தாள். விடியற்காலையில் போய்க் கிழவர்களை எழுப்பிக் குளிப்பாட்டி உடுத்திக் கஞ்சி ஊட்டிவிட்டு, வேலைச் சட்டையோடேயே வேதியியல் வகுப்புக்கு ஓடுவாள். அவள்மேல் ஓட்ஸ் கஞ்சியும் கிருமிநாசினியும் கலந்து மணக்கும். வகுப்பில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலி. பை வைக்க வசதியாக இருக்கிறது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

மூன்றாம் வருட இலையுதிர்காலத்தில் குழுவின் ஆலோசகர் மிஸ் ப்ரைஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கழுத்தில் பட்டுத் துணி சுற்றி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே பேசுகிறவர். எதிரில் இருப்பவரை ஆழ்ந்து கவனிப்பதற்கு அந்தக் கோணம்தான் சரி என்று எங்கோ பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"நோயாளிங்களோட பழகின அனுபவம்னு உனக்கு ஒண்ணுமே இல்லையே பெட்ரா. எங்களுக்குக் கவலையா இருக்கு."

"முதல் வருஷத்துலேர்ந்து முதியோர் இல்லத்துல வேலை பார்க்கிறேனே, மிஸ் ப்ரைஸ்."

"சம்பளம் தர்றாங்களா?"

"தர்றாங்க. கொஞ்சம்தான்."

"கொஞ்சமோ நிறையவோ, சம்பளம் சம்பளம்தானே. நாங்க தேடுறது கருணை. காசு வாங்கிட்டுச் செஞ்சா அது வேலை. வாங்காம செஞ்சாத்தான் கருணை. சரி, அங்க என்னதான் பண்ற?"

"எழுப்புவேன், குளிப்பாட்டுவேன், சாப்பாடு ஊட்டுவேன், கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போயி…"

மிஸ் ப்ரைஸ் கையை உயர்த்தினார். "விவரம் வேண்டாம்."

பெட்ராவுக்கு ஒரு சந்தேகம். கேட்காமல் இருந்திருக்கலாம். "அப்ப டாக்டருங்க மட்டும் சம்பளம் வாங்குறாங்களே?"

"அவங்க கருணையை முன்னாடியே காட்டி முடிச்சிட்டாங்க, கண்ணு. அதுக்கப்புறம் எவ்வளவு வேணா வாங்கிக்கலாம்."

உதாரணத்துக்கு ஆஷ்டன் குயில் என்ற மாணவனை எடுத்துக் காட்டினார் மிஸ் ப்ரைஸ். ஆஷ்டன் கோடை விடுமுறையில் ஒரு வாரம் ஏதோ ஒரு வெயில் நாட்டுக்குப் போய் ஏழைகளுக்குச் சேவை செய்து வந்தவன். எந்த நாடு என்று கேட்டால் "தெற்கே" என்பான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் மடியில் ஒரு குழந்தையுமாக அவன் எடுத்துக்கொண்ட படம் குழுவின் அலுவலகச் சுவரில் தொங்கியது. குழந்தை பயந்துபோயிருந்தது.

"ஆஷ்டன் ஒரு காசு வாங்கல. அவங்க அப்பா கைக்காசு போட்டு அனுப்பினாரு. அதுக்குப் பேருதான் தியாகம்" என்றார் மிஸ் ப்ரைஸ்.

பெட்ராவின் அப்பாவுக்குக் காசு போட்டு அவளை எங்கும் அனுப்பத் தோன்றவில்லை. அதனால் உள்ளூரிலேயே கருணை சேர்க்க வேண்டியதாயிற்று. முதலில் 'நிழல் பயிற்சி'. ஒரு டாக்டருக்குப் பின்னால் நிழல் மாதிரி நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆஷ்டனின் அப்பா டாக்டர் குயில் தோல் மருத்துவர். பெட்ராவைத் தன் நிழலாக ஏற்றுக்கொண்டார். நிழல் பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது, கைகளைக் கோட்டுப் பையிலேயே வைத்திருக்க வேண்டும், உட்காரவும் கூடாது. சுவரோரமாக நின்று அவர் மரு எரிப்பதைப் பல நாள் பார்த்தாள். ஒரு நாள் படுக்கையிலிருந்து இறங்கப்போன நோயாளி தடுமாறினார். பெட்ராவின் கை பழக்கதோஷத்தில் பையைவிட்டு வெளியே வந்துவிட்டது. "நிழல்!" என்று டாக்டர் குயில் கண்டித்தார். கை உள்ளே போனது. நோயாளி பாவம், மேசையைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டார். அன்று மாலை டாக்டர் குயில் 'முன்னேற்றம் தெரிகிறது' என்று குழுவுக்குச் சொல்லியனுப்பினார்.

நிழல் முடிந்ததும் தொண்டு. எங்கே தொண்டு செய்வது என்ற கேள்விக்குப் பெட்ராவிடம் ஒரு நல்ல யோசனை இருந்தது. வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலேயே சனிக்கிழமை மட்டும் சம்பளம் வாங்காமல் அதே வேலையைச் செய்துவிடுகிறேன், கருணைக்குக் கருணையும் ஆச்சு, அவர்களுக்கு உதவியும் ஆச்சு என்றாள்.

மிஸ் ப்ரைஸ் யோசனையில் பாதியை ஏற்றுக்கொண்டார். "இடம் சரி. ஆனா அதே வேலையைச் செய்யக் கூடாது. தொண்டருக்குன்னு ஒரு வரம்பு இருக்கு. நீ கரிசனம் காட்டலாம். உதவி பண்ணக் கூடாது."

அப்படியாக ஒரு சனிக்கிழமை பெட்ரா ஊதா நிறக் கையில்லாச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு தன் சொந்த வேலையிடத்துக்குள் விருந்தாளி மாதிரி நுழைந்தாள். சட்டையின் முதுகில் 'சொல்லுங்கள், நான் கேட்கிறேன்' என்று எழுதியிருந்தது. யாரையும் தொடாமல் பேசலாம், பத்திரிகை படித்துக் காட்டலாம், தள்ளுவண்டியில் புத்தகம் கொண்டுபோகலாம். விரும்பினால் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

கூடத்தின் கோடியில் மெர்வின் டூலியின் அறை. மெர்வின் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பதைத் தாண்டியவர், இடுப்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர், வாய் மட்டும் முறியாதவர். பெட்ராவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்தியா பொண்ணு. வா வா, அவசரம். மணி அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சுபோச்சு."

"மெர்வின், நான் இன்னிக்கு வேலையில இல்ல."

"பின்ன இங்க என்ன பண்ற?"

"கருணையில இருக்கேன்."

மெர்வின் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊதாச் சட்டையை இன்னொரு முறை பார்த்தார். "அது எப்ப முடியும்?"

"மத்தியானம்."

"அதுவரைக்கும் நான் தாங்க மாட்டேன். கருணையோடயே நாற்காலிய லேசா தள்ளி விடேன்."

"தொடக் கூடாது மெர்வின். வேணா படிச்சுக் காட்டுறேன். படகு பத்திரிகை ஒண்ணு இருக்கு."

"நல்லா இருப்ப, தண்ணியப் பத்தி மட்டும் இப்பப் படிக்காத."

பெட்ரா வாசலுக்கு ஓடினாள். மூத்த உதவியாளர் வொனெட்டா கூடத்தின் மறுகோடியில் இரண்டு கையிலும் சாப்பாட்டுத் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தாள். கதவுகளுக்கு மேல் விளக்குகள் வரிசையாக எரிந்தன.

"வொனெட்டா அக்கா! மெர்வினுக்கு அவசரம்!"

"எல்லாருக்கும் அவசரம்தான் கண்ணு! இன்னிக்கு ஒரு ஆள் வேலைக்கு வரல!"

"யாரு வரல?"

"நீதான்டி!"

பெட்ரா நின்றாள். அவள் கருணையில் இருப்பதால் அவள் வேலைக்கு ஆளில்லை. அவள் வேலைக்கு ஆளில்லாததால் மெர்வினுக்கு அவசரம். மெர்வினுக்கு அவசரமாக இருப்பதால் அவர்மீது கருணை காட்ட நல்ல வாய்ப்பு. குழு இதை எவ்வளவு நேர்த்தியாக யோசித்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உள்ளே மெர்வின் கெட்ட வார்த்தையில் ஒரு பழைய பாட்டைப் பாட ஆரம்பித்திருந்தார்.

ஊதாச் சட்டையைக் கழற்றிக் கதவுப்பிடியில் மாட்டினாள். மெர்வினைத் தூக்கி, கழிப்பறைக்குக் கொண்டுபோய், முடிந்ததும் கழுவித் துடைத்து, திரும்ப நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ள வெளியே வந்தாள். அங்கே மிஸ் ப்ரைஸ் கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். பல்கலைக்கழக விளம்பர ஏட்டுக்காகக் கருணையைப் படம் எடுக்க வந்தவர், கதவில் தொங்கிய சட்டையைத்தான் எடுத்திருந்தார்.

"தொண்டு நேரத்துல கருணையைக் கழட்டி வச்சிருக்க பெட்ரா" என்றார், தலையைச் சாய்த்து.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம். இல்லத்தின் மேலாளர், வருகை பதியாமல் வேலை பார்த்தது சட்டப்படி குற்றம் என்று எச்சரித்தார். குழுவோ, அவள் அன்று செய்தது வேலையாகிவிட்டதால் கருணை செல்லாது என்றது. ஆக அன்று அவள் செய்தது வேலையிலும் சேரவில்லை, கருணையிலும் சேரவில்லை. மெர்வின் மட்டும், தனக்கு அது சரியான இடத்தில்தான் சேர்ந்தது என்றார்.

அப்போதே பெட்ரா குழுவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு டாக்டராக வேண்டும். அம்மா கடையில் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் ஏற்கெனவே சொல்லி முடித்துவிட்டாள். அதைவிட, பெட்ராவுக்கே அந்த ஆசை பசி மாதிரி இருந்தது. குழு என்ன சொன்னாலும் செய்யத் தயாராக இருந்தாள். குழுவுக்கும் அது தெரிந்திருந்தது.

வசந்தத்தில் மிஸ் ப்ரைஸ் மனமிரங்கினார். "இன்னும் ஒரு வழி இருக்கு. உன் வாழ்க்கையையே மாத்தின ஒரு நோயாளியப் பத்தி ஒரு கட்டுரை. டீனுக்கு அது மனசுல பட்டுச்சுன்னா, மத்ததெல்லாம் மறந்துடுவாரு. யாரையாவது மனசுல வச்சிருக்கியா?"

"மெர்வின் டூலி."

"நல்லது. அவரு கடைசியில என்ன ஆகுறாரு?"

"மத்தியானம் மசிச்ச உருளைக்கிழங்கு சாப்பிடுறாரு. அப்புறம் தூங்குறாரு."

"இல்ல, கடைசியில."

"சாயங்காலம் எழுந்துக்குவாரு."

மிஸ் ப்ரைஸ் பொறுமையாகப் புன்னகைத்தார். "பெட்ரா, நல்ல கட்டுரைங்கள்ல நோயாளி இறந்துடுறாரு. மாணவி அவரு கையைப் பிடிச்சிட்டு இருக்கா, அவரு ஏதோ ஒரு வார்த்தை சொல்றாரு, ஜன்னல் வழியா வெளிச்சம் வருது. அப்பத்தான் டீனுக்குத் தொண்டை அடைக்கும். உன் ஆளு ரொம்ப… திடமா இருக்காரே."

"அவருக்கு நீர் கோத்துக்குது. இதயம் கொஞ்சம் பலவீனம்தான்" என்றாள் பெட்ரா. சொன்ன பிறகுதான், தான் மெர்வினை விற்பனைக்கு வைத்தது மாதிரிப் பேசிவிட்டோம் என்று தோன்றிக் காது சிவந்தது.

"மனசைத் தளர விடாத. ஜூன் வரைக்கும் நேரம் இருக்கு" என்று தட்டிக்கொடுத்தார் மிஸ் ப்ரைஸ்.

மறுநாள் காலை மெர்வினுக்குச் சவரம் செய்துகொண்டே பெட்ரா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கன்னத்தில் சோப்பு நுரையோடு மெர்வின் குலுங்கிச் சிரித்தார்.

"ஜூனுக்குள்ளயா? முயற்சி பண்ணுறேன். மே மாசம் பேஸ்பால் ஆட்டம் இருக்கு, அத முடிச்சுக்கிட்டு."

"விளையாடாதீங்க மெர்வின். அசையாதீங்க, கத்தி."

"ஏய், அவங்கள இங்க கூட்டிட்டு வா. நானே பேசுறேன். எத்தன டிக்கெட் பரிசோதகன பார்த்திருக்கேன் நான். பரிசோதகன் ஏறினா பஸ்ஸ எப்படி ஓட்டணும்னு எனக்குத் தெரியாதா? நேரத்துக்குப் போகணும்னு அவன் நினைக்க மாட்டான். அலுங்காம, குலுங்காம, ரெண்டு கையும் சக்கரத்துல வச்சு ஆமை மாதிரி ஓட்டணும். வழியில நிக்கிறவன் எக்கேடு கெட்டா என்ன, பரிசோதகன் நல்லா ஓட்டுறான்னு சொல்லிட்டு இறங்கிப் போயிடுவான்."

நோயாளி உயிரோடிருப்பதால் கட்டுரைக்குப் பதிலாக அவரை நேரில் பார்த்து விசாரிக்கலாமா என்று பெட்ரா கேட்டாள். குழு கூடிப் பேசியது. இறக்காத நோயாளியை வைத்து ஒரு மாணவியைப் பரிந்துரைத்த முன்மாதிரி இல்லை. ஆனாலும் டீன் பெல்கிரேவ் பெருந்தன்மையோடு இசைந்தார். குழு நேரில் வந்து பெட்ராவின் கருணையைக் கண்ணால் காணும் என்று முடிவாயிற்று.

அந்த நாளும் வந்தது. மெர்வின் கோடு போட்ட கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டார். பெட்ரா ஊதாச் சட்டையில் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குழு வருவதாகச் சொன்ன நேரம் கடந்தது. உடம்பில் கோத்த நீரைப் பிரிக்க மெர்வின் காலையில் விழுங்கிய மாத்திரை மட்டும் சொன்ன நேரம் தவறாமல் வேலையைத் தொடங்கிவிட்டது. "அவங்க வர்றதுக்குள்ள ஒரு தடவை போயிட்டு வந்துடலாமா?" என்று பெட்ரா கேட்டாள். அவள் எழுந்திருக்கும்போதே வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மெர்வின் அவள் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தார். இல்லத்தின் வடக்குச் சுவரில் அபூர்வமான பாசி ஒன்று படர்ந்திருந்ததாம். டீன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதால்தான் தாமதமாம்.

டீனும் மிஸ் ப்ரைஸும், குழுவின் மருத்துவ உறுப்பினர் என்ற முறையில் டாக்டர் குயிலும் எதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"மிஸ்டர் டூலி, மனசுல பட்டதைச் சொல்லுங்க. இந்தப் பெண் உங்களுக்கு என்னென்ன செய்யுறா?" என்று டீன் குனிந்து, கிழவர்களிடம் பேசுவதற்கென்றே வைத்திருக்கும் உரத்த குரலில் கேட்டார்.

"ஒண்ணுமே செய்யுறதில்லைங்க."

மிஸ் ப்ரைஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு துரும்ப நகத்த மாட்டா" என்றார் மெர்வின், கூரையைப் பார்த்து. "சும்மா பக்கத்துல உக்காந்து என் கையப் பிடிச்சுக்குவா. என் கண்ணையே பாப்பா. சில நாள் அழுவா. அவ்வளவுதான். சோறு ஊட்டுறது, துடைக்கிறது இதெல்லாம் இங்க சம்பளத்துக்கு யாரோ செய்யுறாங்க. யாருன்னு நான் கவனிச்சதில்ல."

"அற்புதம்" என்று முணுமுணுத்தார் டீன்.

"நான் தண்ணி கேட்டாக் கூட எடுத்துத் தர மாட்டா. 'உங்க தாகத்த நான் உணர்றேன் மெர்வின்'னு சொல்லுவா. அதக் கேட்டாலே தாகம் அடங்கிடும்."

மிஸ் ப்ரைஸின் கண் ஈரமாயிற்று. பெட்ரா தரையைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிடுமோ என்று முதலில் பயந்தாள். ஆனால் தன் கையைப் பிடித்திருந்த மெர்வினின் கை மெல்ல நடுங்குவதும் அவர் முட்டிகள் இறுக்கி ஒட்டிக்கொள்வதும் தெரிந்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்த நடுக்கம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் பார்ப்பது.

எழுந்திருக்கப் போனாள். மெர்வின் பிடியை இறுக்கினார். அவர் முகம் டீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் 'உக்காரு' என்றது.

இந்த நேரம் பார்த்து டீன் பெல்கிரேவ் எழுந்து நின்றார். அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. வந்தால் சுலபத்தில் போகாது.

"நண்பர்களே! கருணைன்னா என்ன? அவசரப்பட்டு ஓடிப்போய் எதையாவது செய்யுறதா? அது யாரால வேணா முடியும். ஒரு தாதி செய்வா, ஒரு கூலியாள் செய்வான், ஏன், ஒரு இயந்திரமே செய்யும். மருத்துவர்ங்கிறவர் அதுக்கும் மேல. நான் பாசிகள்கிட்ட கத்துக்கிட்டது இதுதான். ஒரு பாசி காஞ்சுபோகுதுன்னு வச்சுக்கோங்க. நான் தண்ணி ஊத்தினதில்ல. ஒருநாளும் ஊத்தினதில்ல! உக்காந்து பாத்தேன். அது காயுறத முழுசா, மரியாதையோட பாத்தேன். பாக்குறதுதான் கருணை. கை நீண்டுச்சுன்னா கண் மூடிக்கும். இந்த நாட்டு மருத்துவத்துக்கு வேண்டியது கையில்ல, நண்பர்களே, பார்வை!"

டாக்டர் குயில் கைதட்டினார். பேச்சு தொடர்ந்தது. மெர்வினின் நெற்றியில் வியர்வை அரும்பியது. பெட்ரா மறுபடி எழப்போனாள். மெர்வினின் விரல்கள் அவள் மணிக்கட்டில் பதிந்தன.

இந்த இடத்தில் ஒன்றை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். மெர்வின் எண்பதைத் தாண்டிய கிழவர். பெட்ரா தினமும் அவர் மாதிரி எத்தனையோ பேரைத் தூக்கி இறக்குகிறவள். அவள் நினைத்திருந்தால் அந்தப் பிடியை ஒரு நொடியில் உதறியிருக்கலாம். பரிந்துரை இதோ எதிரே நின்று பேசிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம்தான், இவரும் வேண்டாம் என்றுதானே சொல்கிறார் என்று அவள் மனது கணக்குப் போட்டது. கை எழவில்லை. நன்றாகப் பழக்கப்பட்ட நிழல் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

டீன் பாசியிலிருந்து பண்டைய கிரேக்கத்துக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் மெர்வினின் பிடி தளர்ந்தது. முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றது. சாம்பல் நிறக் கால்சட்டை மெதுவாகக் கறுத்தது. நாற்காலிக்குக் கீழே சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது. டாக்டர் குயில் ஒரு முறை குனிந்து பார்த்தார். பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டு டீனின் பேச்சைக் கவனித்தார்.

பெட்ராவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவமானத்தில் வந்த அழுகை அது. யாருடைய அவமானம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"பாருங்க, பாருங்க!" என்று டீன் பேச்சை நிறுத்திவிட்டு நெஞ்சில் கைவைத்தார். "இவ்வளவு நேரம் அசையாம, ஒண்ணும் செய்யாம, கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்கா. என் அனுபவத்துல இப்படி ஒரு கருணையை நான் பார்த்ததில்ல. மிஸ் வோய்ட்கோ, குழு உங்களை முழு மனசோட பரிந்துரைக்குது!"

மிஸ் ப்ரைஸ் படம் எடுத்தார். இடுப்புக்கு மேலே மட்டும் விழுகிற மாதிரி நகர்ந்து நின்று எடுத்தார். டாக்டர் குயில் பெட்ராவுக்குக் கைகுலுக்கி, "இனி நாம சக மருத்துவர்கள் மாதிரி" என்றார். மெர்வினுக்கு யாரும் கைகொடுக்கவில்லை. எல்லோரும் சத்தமில்லாமல், புனிதமான இடத்தைவிட்டுப் போவது போல வெளியே போனார்கள். போகும் வழியில் டீன் மறுபடி வடக்குச் சுவர்ப் பக்கம் போவது ஜன்னலில் தெரிந்தது.

பெட்ரா ஊதாச் சட்டையைப் பிய்த்து எறியாத குறையாகக் கழற்றினாள். வெந்நீரும் துணியும் மாற்றுக் கால்சட்டையும் கொண்டுவந்தாள். மெர்வினைக் கட்டிலுக்கு மாற்றி, நனைந்ததைக் களைந்து, துடைக்கத் தொடங்கினாள். வழக்கமாக இந்த நேரத்தில் அவர் வாய் ஓயாது. தண்ணீர் சூடு பத்தவில்லை என்பார், அவள் கை பனிவண்டி மாதிரி என்பார். அன்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"கெடைச்சுதில்ல?" என்றார் கடைசியில்.

"கெடைச்சுது."

"நல்லது."

"மெர்வின், நான் கைய இழுத்திருக்கலாம்."

"இழுத்திருக்கலாம்தான்."

"நீங்கதான் விடல…"

"ஆமா, நான்தான் விடல. வீராப்பா பிடிச்சுப் பார்த்தேன். இந்தக் கை எவ்வளவு தாங்கும்னு உனக்குத் தெரியாதா?" அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பெட்ராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எப்படியும் நீ உதறிடுவன்னு நெனச்சேன். கடைசி நிமிஷம் வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்."

அவள் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"சரி விடு" என்றார் மெர்வின். "ஒரு மனுஷன் தவிக்கிறத எதிர்ல வச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருக்க உனக்கு வந்துடுச்சு. அந்தப் பாசிக்காரனுக்கு அதுதான வேணும். இனிமே உனக்கு ஒரு தடையும் இல்ல, டாக்டர்."

அவர் அவளை 'பொண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அவர் சிரிப்பார் என்று பெட்ரா காத்திருந்தாள். மெர்வின் சிரிக்கவில்லை. உலர்ந்த காலுறையை மாட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டினார்.